நாற்பத்திரண்டு வீட்டுத் தண்ணீர்

“இதற்கு மேல் சாலை இல்லை” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ரயில்வே கேட்டைத் தாண்டி நாலடியில் நின்றுவிட்டாள், சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரிசல் புழுதியைக் குனிந்து பார்த்தபடி. முனீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மேடம், வெறும் புழுதி மேடம். அந்தா பாருங்க, கோழி நடந்து போகுது.”

“கோழி நீந்துகிறது” என்றாள் அம்மாள்.

ஆனாலும் வலது காலை எடுத்து வைத்தாள். வைத்த இடத்தில் புழுதி புழுதியாகவே கிடந்தது, அவள் கால் மட்டும் நனைந்தது. இரண்டாவது அடியில் கணுக்காலும் பத்தாவது அடியில் முழங்காலும் நனைந்து, சேலையின் கரை கறுத்துக் கனத்துக் காலோடு ஒட்டிக்கொண்டது. முனீஸ்வரி அதைப் பார்த்தாள். “செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்குங்க, தோல் ஊறிப்போகும்” என்று மட்டும் சொன்னாள்.

அம்மாள் சாத்தூருக்கு வந்து அப்போது பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோவில்பட்டி பஸ்ஸின் பின்படிக்கட்டில் சூட்கேஸோடு இறங்கியவள், கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்து, “நீங்கள் உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்” என்றாள். சாத்தூரில் இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள், இறங்க வேண்டாத இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிவிட்டார்கள். அந்தக் குரலைக் கேட்காத காது ஊரில் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு வழி சொன்ன குரல், மதுரையில் பெரிய டாக்டர் வீட்டுக்கு வழி சொன்ன குரல், குற்றாலத்துக்கு வேன் பிடித்துப் போகையில் இடதா வலதா என்று வேனே இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது கோபம் என்பதே இல்லாமல் இடது என்று சொன்ன குரல். பஸ் ஸ்டாண்டு சேவுக்கடை அண்ணாச்சி, கொதிக்கிற எண்ணெயிலிருந்து கரண்டியை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

“நம்ம மேப்புல பேசுற அம்மால்ல” என்றார். “இத்தன நாளாக் குரல் மட்டும் இருந்துச்சு. இப்பக் கால் வந்துருக்கு, அவ்வளவுதான்.”

அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. போன் கடைக்கு மேலே ஒரு மாடி அறை காலியாக இருந்தது, அதில் குடியேறினாள். மேப்பம்மா என்று பெயர் வைத்தார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள். நாட்டில் உள்ள அத்தனை சாலையும் அவளுக்குத் தெரியும், ஆனால் எதிலும் நடந்தது கிடையாது. எனவே முதல் வாரம் முழுக்கக் கால் கொப்பளித்துக் கிடந்தாள். மெயின் ரோட்டில் ஒரு மேட்டை ஏறிவிட்டு மூச்சு வாங்க நின்று, “இந்தச் சாலை மேலே ஏறுகிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை” என்று பழக்காரியிடம் குறைப்பட்டுக்கொண்டாள். பழக்காரி அவளை உட்கார வைத்து ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கீறி உப்பு தடவிக் கொடுத்தாள்.

அவள் குடியேறிய நாளிலிருந்து எல்லோருடைய போனிலும் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு வீடு கேட்க ஆரம்பித்தது. “முந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்” என்பதற்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது, “ரவுண்டானாவில் இரண்டாவது வழியில் வெளியேறவும்” என்பதற்கு நடுவில் கடுகு வெடித்தது. பைபாஸில் போன ஒரு லாரி டிரைவர், “நேராகச் செல்லவும்… கொஞ்சம் இருங்கள், பால் பொங்குகிறது” என்று கேட்டு லாரியை ஓரங்கட்டிவிட்டு, பால் இறக்கியாயிற்று என்று தெரிந்த பிறகு கிளப்பினார். ஒரே வாயால் எப்படி அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வழி சொல்கிறாய் என்று தெருப் பெண்கள் கேட்டார்கள். “நீங்கள் ஒரே அடுப்பில் எப்படி ஆளுக்கொரு ருசியாகச் சமைக்கிறீர்கள்” என்று திருப்பிக் கேட்டாள், அது எல்லோருக்கும் சரியான பதிலாகப் பட்டது.

கீழே போன் கடையில் முனீஸ்வரிக்குக் கண்ணாடி ஒட்டுகிற வேலை. புது போனின் முகத்தைத் துடைத்து, தூசியை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஒரு குமிழ் இல்லாமல் இறக்குவாள். அவள் மூச்சைப் பிடித்திருக்கும்போது பதில் பேச முடியாது என்பதால், எதிரே நிற்கிறவர்கள் போனைப் பற்றித் தங்களுக்கு உள்ள அபிப்பிராயங்களை எல்லாம் அந்த நேரத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். மூணு கேமரா வச்சு என்ன செய்ய, நம்ம மூஞ்சி ஒண்ணுதானே என்பார் ஒருவர். டப்பாவுக்குள்ள சார்ஜரே வைக்கலையே, பந்தியில உக்கார வச்சுட்டு இலையை உங்க வீட்டுல இருந்து எடுத்துட்டு வாங்கங்கிற மாதிரில்ல இருக்கு என்பாள் ஒருத்தி. மடிக்கிற போன் வந்திருப்பதாகக் கேள்விப்பட்ட பூக்கட்டுகிறவர், மடிச்சு வைக்க அது என்ன வேட்டியா என்றார். இப்போது அபிப்பிராயம் எல்லாம் மாடிப் பக்கம் திரும்பியது. “எத்தன தடவ தப்பாத் திரும்புனாலும் ஏன் திரும்புனன்னு ஒரு வார்த்த கேக்காது, அடுத்த வழியச் சொல்லும். எங்க வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கே” என்று ஆண்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். சில பேர் அந்தப் பொறுமையைக் கேட்பதற்கென்றே வேண்டுமென்று தப்பாகத் திரும்பினார்கள். “அந்தம்மா ஒரு நாள் இவுகளோட வண்டியில பின்னால உக்காந்து வந்து பாக்கட்டும், அப்புறம் தெரியும் பொறுமை” என்றார்கள் பெண்கள்.

முனீஸ்வரி மட்டும் இரண்டு வாரம் மாடிப் பக்கம் ஏறவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறிப்போய் மேப்பம்மா எதிரில் வைத்தாள், வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“என் கல்யாணப் பேச்சு நின்னு போனது உங்களாலதான். தெரியுமா?”

முனீஸ்வரியின் வீடு கம்மாய் காலனியில். ஒரு காலத்தில் கண்மாயாக இருந்து வற்றிப்போன இடம், வற்றி முப்பது வருஷம் ஆகி, பட்டா கொடுத்து, கரண்டு இழுத்து, நாற்பத்திரண்டு வீடு எழுந்து நிற்கிற இடம். மேப்பில் அது இன்னும் நீலமாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வீட்டாரும் தண்ணீருக்கு அடியில் குடியிருந்தார்கள். பார்சல் கொண்டுவருகிறவர்கள் கேட்டோடு திரும்பிப் போனார்கள். அதையாவது பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ளலாம். முதலில் அவளுக்குப் பூ வைக்க வந்த மாப்பிள்ளை வீட்டு வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது, போன் “முடிந்தால் யூ-டர்ன் எடுக்கவும்” என்றது, சுற்றி வந்தபோது மறுபடியும் சொன்னது, மூன்றாம் தடவையும் சொன்னது. நல்ல காரியத்துக்குக் கிளம்பிய வண்டி வந்த வழியே திரும்பக் கூடாது, மூன்று தடவை திரும்பிவிட்டது, அப்படியே ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களைக் கெடுத்தது முனீஸ்வரியின் தாய்மாமன் இருளப்பன். கேட்டருகில் வழி தெரியாமல் நின்ற காருக்குள் தலையை விட்டு, இருபது வருஷமாக ஆட்டோ ஓட்டுகிற பழக்கத்தில், “எங்கம்மா போகணும்?” என்று கேட்டுவிட்டான். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களை எங்கே என்று கேட்டால் காரியம் அதோடு சரி. அந்தக் காரும் திரும்பிவிட்டது.

“இப்ப மூணாவது. அருப்புக்கோட்டைக்காரங்க. இருக்கன்குடி கோயில்ல வச்சுப் பொண்ணு பாத்துட்டுப் போய்ட்டாங்க” என்றாள் முனீஸ்வரி. “அவரு பேரு அழகுராசா. கோயமுத்தூர்ல லேத்துல வேலை. ஒரு மாசமாப் பேசிக்கிட்டு இருக்கோம். நேத்து போன் பண்ணி, ‘உங்க ஊர் மேப்பம்மா இன்னைக்கு வெந்தயக் குழம்பா? காந்திபுரம் சிக்னல்ல தாளிச்ச சத்தம் கேட்டுச்சு’ங்கிறாரு. அந்த மாதிரி ஆளு. எனக்கு இவருதான் வேணும்.”

“வெந்தயக் குழம்புதான்” என்றாள் மேப்பம்மா.

“பூ வைக்க வர்றது அவங்க அக்கா. தனபாக்கியம்னு பேரு. வழியில நின்னு யாரையும் கேக்க மாட்டாங்க, கேட்டா எதுத்தாப்ல இருக்கிறவன் எங்க போறீங்கன்னுதான கேப்பான். நாங்க நடுவழிக்குப் போயும் கூட்டிட்டு வரக் கூடாது, வண்டிய மறிச்ச மாதிரி ஆயிரும். புது போன் வாங்கிருக்காங்க, அது சொல்லாம வண்டி ஒரு அடி நகராதாம். வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி.”

மேப்பம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அந்த நேரத்தில் தமிழ்நாடு முழுக்க வண்டிகள் தாமாக வழி கண்டுபிடித்துப் போயின. பிறகு, “வேறு வழி பார்க்கிறேன்” என்றாள். அவள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் என்பது முனீஸ்வரிக்குப் புரிந்தது. இரண்டு பேரும் தூக்கில் இருந்த புளிச்சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, கடையில் அரை நாள் லீவு சொல்லி, கேட்டுக்கு நடந்தார்கள்.

அப்படித்தான் அந்த அம்மாள் புழுதியில் இறங்கினாள்.

காலனியின் முதல் வீடு இருளப்பனுடையது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட மனிதன், வீடு என்று பெயருக்கு இருந்ததே தவிர அவன் சாப்பிடுவதும் பேப்பர் படிப்பதும் தூங்குவதும் வாசலில் நிற்கிற ஆட்டோவுக்குள்தான். பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“ஏத்தா முனீசு, யாரு இது, நடுரோட்டுல நீச்சல் பழகுது?”

“நல்வரவு” என்றாள் மேப்பம்மா, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

குரலைக் கேட்டதும் அவன் எழுந்து உட்கார்ந்தான். அவர்கள் கடந்து போகும் வரைக்கும் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரியின் அம்மா சண்முகத்தாய், மார்பு வரைக்கும் நனைந்து வந்து நின்ற விருந்தாளியைப் பார்த்ததும் ஒரு துண்டைக் கொண்டுவந்து தலையைத் துவட்டி, உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். மேப்பம்மா இரண்டு வாய் குடித்தாள். டம்ளரைப் பாதியில் நிறுத்திக் கீழே பார்த்தாள், கையால் தரையைத் தடவினாள்.

“இங்கே சிமெண்டுத் தரை இருக்கிறது” என்றாள்.

“போன வருசம் போட்டது” என்றாள் சண்முகத்தாய். “பூசுனவன் சரியாப் பூசல. அங்கங்க பேந்துருச்சு.”

மறுநாள் கடையில் முனீஸ்வரி போனைத் திறந்து பார்த்தபோது, நீலத்துக்கு நடுவில், சேலையில் பூச்சி அரித்தாற்போல, ஒரு வீடு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. காலனிக்கு விஷயம் தெரிந்துவிட்டது: இந்தம்மா எந்த வீட்டில் தொண்டை நனைக்கிறாளோ அந்த வீடு கரையேறிவிடும்.

பிறகு ஒன்பது நாள் அவளுக்கு ஓய்வில்லை. தினமும் மத்தியானத்துக்கு மேல் அவள் நீந்தியும் நடந்தும் வந்தாள், வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் டீ, அடுத்த வீட்டில் நாம மட்டும் டீயா என்று ஹார்லிக்ஸ், அதற்கடுத்த வீட்டில் ஃபிரிட்ஜ் இருப்பதைக் காட்டுவதற்காகப் பன்னீர் சோடா, கம்பங்கூழ், நீர்மோர், ரஸ்னா, ஒரு வீட்டில் கஷாயம், அது அவள் இருமியதைக் கேட்டுவிட்டதால். எங்க வீட்டுக்கு ஏன் ஏழாவதா வர்றா என்று ஒரு சண்டை, அவங்க வீட்டுல ரெண்டு டம்ளர் குடிச்சாளே, அதனாலதான் அவங்க வீடு மேப்புல பெருசாத் தெரியுது என்று இன்னொரு சண்டை. அந்தச் சண்டையின் முடிவில் சின்னதாகத் தெரிந்த வீட்டுக்காரி மேப்பம்மாவை மறுபடி கூப்பிட்டு ஒரு சொம்பு பானகம் குடிக்க வைத்து, காம்பவுண்டுச் சுவரையும் சேர்த்துக்கொண்டாள். தேனியிலும் தென்காசியிலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், “இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்… சர்க்கரை போதும்” என்று கேட்டுப் பழகிக்கொண்டார்கள். காலனியில் ஓரொரு வீடாகத் தண்ணீர் வடிந்தது, அவளுக்கு மட்டும். ஒவ்வொரு நாளும் அவள் சேலை கொஞ்சம் குறைவாக நனைந்தது.

ஒவ்வொரு நாளும் உள்ளே நுழையும்போது இருளப்பனின் ஆட்டோவுக்கு முன்னால் நின்று, “உங்கள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

“ஒங்களச் சுத்தித்தான தண்ணி கெடக்கு, அள்ளிக் குடிங்க” என்றான் முதல் நாள்.

“இன்னைக்குக் கொழாயில வரல” என்றான் இரண்டாம் நாள்.

மூன்றாம் நாளிலிருந்து அவள் வருகிற நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டான். எட்டாம் நாள் சண்முகத்தாயே அவனிடம் வந்தாள். நாற்பத்தொரு வீடு ஆகியிருந்தது, வாசலில் இருக்கிற இந்த ஒரு வீடுதான் பாக்கி. உள்ளே எல்லாம் காய்ந்த பிறகும் காலனிக்கு நுழைகிற இடத்தில் இன்னும் முட்டளவு தண்ணீர், அதைத் தாண்டாமல் ஒரு வண்டியும் உள்ளே வர முடியாது.

“ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தாத்தான் என்னடா?”

“யக்கா, நான் ஒரு வார்த்தை கேட்டேன்னு என்னைய ஒதுக்கி வச்சுட்டீங்க” என்றான் இருளப்பன். “வெள்ளிக்கிழம கேட்டுப் பக்கமே வராத, வாயத் தொறக்காதங்கிற. சரி. இந்தம்மா மூணு தடவ வண்டியத் திருப்பி விட்டுச்சே, அதுக்குக் காப்பியா? ஹார்லிக்ஸா? இந்தக் காலனிக்கு இத்தன வருசம் மேப்பு யாரு? கரண்டுகாரன யாரு கூட்டியாந்தா? கணக்கெடுக்க வந்த டீச்சர? முனீசு பொறந்தப்ப நர்சம்மாவ மழையில யாரு கூட்டியாந்தா?”

“நீதாண்டா.”

“அப்ப நான் வேணாம், போன் வேணும்.”

சண்முகத்தாய் போவதற்குத் திரும்பினாள். “ஒனக்கே தெரியும், அந்தப் பொம்பள மறுபடி திரும்பிப் போனா முனீசு இன்னொரு தடவ தலைசீவி உக்கார மாட்டா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரை வரைக்கும் நல்ல நேரம், அதற்குப் பிறகு ராகு காலம். ஒன்பது மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து வேன் கிளம்பியதாகத் தகவல் வந்தது. முனீஸ்வரி பச்சைப் பட்டில் உள்ளே உட்கார்ந்திருந்தாள், மடியில் போனை வைத்து, நீலத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலனி முழுக்க வெள்ளையாக இருந்தது, வாசலில் மட்டும் ஒரு நீலக்கோடு, யாரோ பேனாவால் கிழித்தது போல.

மேப்பம்மா அந்தக் கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். வண்டியை அவள் ஊருக்குள் கொண்டுவந்தது அத்தனை அழகு என்று பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தவிர்த்து, சந்தைத் தெருவைச் சுற்றி, எந்த இடத்திலும் திரும்பச் சொல்லாமல், முல்லைப்பூ விற்கிறவளைத் தாண்டுகிற மாதிரி, காலிக் குடம் தூக்கி வருகிற யாரும் எதிரே படாத மாதிரி ஒவ்வொரு முக்காகச் சொல்லிக்கொண்டு வந்தாள். “ரயில்வே கேட்டைக் கடக்கவும்” என்றாள். வேன் கேட்டைக் கடந்தது. அதற்குப் பிறகு அவள் வாய் நின்றுவிட்டது.

வேன் இருபதடி தூரத்தில் தயங்கி நின்றது. ஜன்னல் வழியாகத் தனபாக்கியம் தெரிந்தாள், மடியில் பூத்தட்டு, கையில் போன்.

“என்னப்பா, பேச மாட்டேங்குது?” என்று டிரைவரைக் கேட்டாள். “சார்ஜ் இருக்கே. இப்பத்தான வாங்குனது.”

“இறங்கி யார்ட்டயாச்சும் கேட்டுரவாக்கா?”

“கேக்காத! கேக்காத!”

இருளப்பன் ஆட்டோவுக்குள் இருந்தான். கேட்டுப் பக்கம் வரக் கூடாது என்றால் எங்கே போவது, அவன் வீடே அங்கேதான். வாயைத் துண்டால் இறுக்கக் கட்டியிருந்தான், அது அவனே கட்டிக்கொண்டது. வழி தெரியாமல் ஒரு வண்டி நிற்கிறது, இருபது வருஷத்துப் பழக்கம் தொண்டைக்குள் எழும்பி வந்து, எங்கம்மா போகணும் என்று துண்டை முட்டியது. அந்த நேரத்தில் மேப்பம்மாவின் முகத்தைப் பார்த்தான். முட்டளவு தண்ணீரில் சேலையைப் பிடித்துக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க நின்றாள். ஒரு வண்டியையும் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தண்ணீரைப் பார்த்தால் வருகிற சொல் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான், அது உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. “முடி…” என்றாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாய்க்கு வந்த சொல்லை அடக்குகிற வேலையில் உள்ள சிரமம் அவனுக்குத் தெரியும்.

ஆட்டோவின் கைப்பிடிக்குப் பக்கத்தில், சாக்கு சுற்றித் தைத்த தண்ணீர் பாட்டில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாலு எட்டில் அவளிடம் வந்து, துண்டைக் கழுத்துக்கு இறக்கினான்.

“இந்தாம்மா. குடி.”

அவள் அண்ணாந்து குடித்தாள். வெயிலில் சூடேறிய, பிளாஸ்டிக் வாசம் அடிக்கிற தண்ணீரை மூச்சு விடாமல் பாதி பாட்டில் குடித்தாள். எங்கேயோ ஒரு மடையைத் திறந்தது போல் சத்தம் கேட்டது, தண்டவாளத்தின் மேல் நின்ற காக்கைகள் ஒருசேர எழும்பி உட்கார்ந்தன. அவள் கால் புழுதியில் நின்றது.

“நேராகச் செல்லவும்” என்று தனபாக்கியத்தின் கையில் போன் பேசியது.

“அப்படிச் சொன்னா நேரா ராமையா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள்ள விட்ருவான்” என்று இருளப்பன் அவள் காதோரம் சொன்னான். “செவப்புத் துணி கட்டுன வேப்பமரம். அதுக்கு எடதுபக்கம்.”

“சிவப்புத் துணி கட்டிய வேப்பமரத்துக்கு இடதுபுறம் செல்லவும்.”

“தண்ணித் தொட்டியத் தாண்டுனதும் ஒரு வெள்ள நாய் படுத்துருக்கும். கொலைக்கும், கடிக்காது.”

“தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் வெள்ளை நாய். குரைக்கும், கடிக்காது.”

“மெதுவாப் போகச் சொல்லு. கோலம் போட்டுருக்காங்க.”

“மெதுவாகச் செல்லவும். கோலம்.”

வேன் அவர்கள் இரண்டு பேரையும் உரசாமல் கடந்து, வேப்பமரத்துக்கு இடதுபுறம் போய், நாய் குரைக்க, கோலத்தின் ஓரமாக ஊர்ந்து போனது. “பந்தல் போட்ட வீடு. சொல்லு” என்றான் இருளப்பன். மேப்பம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, எங்கேயும் எந்த வண்டிக்கும் சொல்லாத மாதிரி, “வந்துட்டீங்க, உள்ள வாங்க” என்றாள்.

மணி பத்து பத்து. தனபாக்கியம் வலது காலை வைத்து இறங்கினாள். “யாரும் மறிக்கல, யாரையும் கேக்கல, திரும்பல” என்று வாசலிலேயே சொன்னாள். சண்முகத்தாய் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். முனீஸ்வரியின் தலையில் பூ ஏறியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், பூவைச் செருகி முடித்ததும்தான் விட்டாள். தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டிய நேரத்தில், “தாய்மாமன் எங்க?” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், இருளப்பன் கழுத்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தான். கோயம்புத்தூரிலிருந்து அழகுராசா வீடியோவில் தெரிந்தான், பின்னால் லேத்து ஓடுகிற சத்தத்தில் அவன் பேசியது ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தது மட்டும் தெரிந்தது.

“இந்தப் புது மாடல்ல எல்லாம் சுத்தமா இருக்கு” என்று தனபாக்கியம் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் போனைக் காட்டினாள். “நாய் கடிக்காதுன்னு வரைக்கும் சொல்லுது. கூடவே ஒரு ஆம்பள குரலும் வருது, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு சொல்றாங்க. அது மட்டும் ஏன்னு தெரியல.”

“இப்ப வர்ற போன்ல அப்படித்தான்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “பேட்டரிதான் நிக்காது.”

மேப்பம்மா பந்தலுக்கு அடியில் உலர்ந்த சேலையோடு உட்கார்ந்து, ஆறாவது டம்ளர் பாயசத்தை வேண்டாம் என்று மறுத்துக்கொண்டிருந்தாள்.

பந்திக்கு இலை பற்றவில்லை. இன்னொரு கட்டு ஆட்டோவில் இருந்தது, எடுத்துவர இருளப்பன் வாசலுக்குப் போனான். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது, ஆட்டோவின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், மாட்டுக் குளம்படியில் ஒரு உள்ளங்கை அளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அதற்குள் விரல் நகம் அளவில் ஒரு அயிரைமீன் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இரண்டு கையாலும் தண்ணீரோடு சேர்த்து அள்ளி, மீதித் தண்ணீர் இருந்த பாட்டிலுக்குள் அதை வழிய விட்டான். மூடியை இறுக்காமல் திருகி, பாட்டிலை அதன் இடத்தில் நிழலாகத் தொங்கவிட்டுவிட்டு, இலைக்கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.